ரிஷபகுஞ்சரமும் ஒரு தற்காலிகக் கோப்பும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களில் அந்தச் சிறு சிற்பத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் தலை ஒன்று. வழிகாட்டி ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும். கையை மாற்றி வைத்தால் அதே தலை யானையினுடையதாகிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த இக்கோயில் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்தச் சிற்பத்தின்முன் கூட்டம் கூடியிருக்கிறது. எங்கள் வாசகர் வட்டம் கூட்டம் முடிந்து கோயில் புல்வெளியில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். 2009இல் அப்படியொரு மாலையில், வட்டத்தின் இளையவரான ஒரு கல்லூரி மாணவர் (பட்டு நெசவுக் குடும்பத்தவர், கணிப்பொறி படித்துக்கொண்டிருந்தார்) எங்களை அந்தச் சிற்பத்தருகே அழைத்துப்போய், "நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற கோளாறு இதாண்ணே" என்றார்.

என்ன கோளாறு என்று சொல்வதற்குமுன் எங்கள் கணிப்பொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சிற்றிதழ் நடத்தினோம். பகலில் அச்சுக்கோப்பு, மாலையில் வாசகசாலை என்று ஒரே அறையும் ஒரே இயந்திரமுமாக இருந்தது. இரண்டாம் கைக்கு வாங்கியது. உரிமக் கட்டணம் கொடுக்க வசதியில்லாமல் டெபியன் லினக்ஸ் போட்டிருந்தோம். இதழுக்கு ஒரு கணக்கு, வாசகசாலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ரூட். லினக்ஸில் ரூட் என்பவர் சர்வாதிகாரி. எந்தக் கோப்பையும் திறப்பார், எழுதுவார், அழிப்பார். அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. மற்றவர்கள் தத்தம் அறைக்குள் மட்டும் அரசர்கள்.

எங்களில் ஒருவர் (பெயரைச் சொன்னால் இன்றும் வருத்தப்படுவார்) இரவு எட்டு மணிக்குத் தானாக ஓடும் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தார். இதழின் கோப்புகளைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுக்கும். பென்டிரைவை இணைக்க ரூட் அனுமதி தேவைப்பட்டது. ஆகவே முழு நிரலையும் ரூட்டாகவே ஓடவிட்டார். பட்டியலை 'டெம்ப்' என்ற அடைவில் 'பட்டியல்' என்ற பெயரில் எழுதினார். இருபது வரி. நாங்கள் பெருமைப்பட்டோம்.

ஒரு காலையில் அடுத்த இதழின் தலையங்கத்தைத் திறந்தோம். தலையங்கம் இல்லை. அது இருந்த இடத்தில், அதே கோப்பில், கோப்புப் பெயர்களின் பட்டியல் வரிசையாக நின்றது. (தலையங்கத்தைவிடப் பட்டியல் தெளிவாக இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். அவருடன் சில நாள் பேசவில்லை.) வாசகசாலைக் கணக்கிலிருந்து இதழின் கோப்புகளைத் தொடவே முடியாது, அதைப் பலமுறை சோதித்திருந்தோம். மாணவரிடம் கேட்டோம். முன்கூட்டியே எங்களில் ஒருவரிடம் சொல்லி, நகலும் எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார். அவர் சொன்ன பதில் இது: "நான் உங்க தலையங்கத்தைத் தொடவே இல்லண்ணே. நீங்கதான் அழிச்சீங்க."

அது முழு உண்மை. டெம்ப் என்பது யுனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் ஊர்ப்பொதுத் திண்ணை. எந்த நிரலும் எந்தப் பயனரும் அங்கே கோப்பு வைக்கலாம். ஆதியில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் அப்புறப்படுத்தவும் முடிந்தது. 1986இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி யுனிக்ஸில் 'ஸ்டிக்கி பிட்' என்ற குறிக்குப் புதிய பொருள் தரப்பட்ட பிறகு, அந்தக் குறி இட்ட அடைவில் யார் வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தவரோ அடைவின் உரிமையாளரோ ரூட்டோ மட்டுமே எடுக்கலாம் என்றாயிற்று. நல்ல விதிதான். ஆனால் காலியாக இருக்கும் ஒரு பெயரில் முதலில் வந்து உட்காருவதை அது தடுக்கவில்லை. எங்கள் இயந்திரம் இரவில் அணைக்கப்படும். மறுநாள் ஏறும்போது டெபியன் டெம்பைத் துடைத்துவிடும். 'பட்டியல்' என்ற பெயர் காலியாகிவிடும். மாணவர் அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்கை வைத்தார். சிம்லிங்க் என்பது கோப்பு அன்று, 'நீ தேடுவது அங்கே இருக்கிறது' என்று வேறொரு கோப்பைச் சுட்டும் கைகாட்டி. அவருடைய கைகாட்டி எங்கள் தலையங்கத்தைச் சுட்டியது. அப்படிச் சுட்டுவதற்கு அத்தலையங்கத்தின்மேல் அவருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு ரூட் வந்தார், 'பட்டியல்' என்ற பெயரைப் பார்த்தார், கைகாட்டி காட்டிய வழியே நடந்துபோய், தமக்கே உரிய சர்வ அனுமதியுடன் எழுதினார்.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இது புதிய கதை அன்று. முறை வைத்து நீர் பாயும் காலத்தில் மடையைத் திறக்கும் உரிமை ஒருவருக்குத்தான். மடையைத் தானே திறக்கத் துணியாதவன் அதைத் தொடமாட்டான். இரவில் நடுவாய்க்காலில் வரப்பை வெட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். விடியலில் உரிமையுள்ளவர் மடையைத் திறப்பார். தண்ணீர் வெட்டியவன் வயலுக்குப் போகும். பஞ்சாயத்தில் 'மடையைத் திறந்தது யார்?' என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும்!

இவ்வகைத் தவறுக்கு நார்ம் ஹார்டி என்ற அமெரிக்கர் 1988இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் 'குழம்பிய பிரதிநிதி' என்று பொருள்படும் பெயரைத் தந்தார். அவர் சொன்ன நிகழ்ச்சி இன்னும் பழையது. ஒரு நிறுவனம் தன் கணிப்பொறியின் நேரத்தைப் பலருக்கு வாடகைக்கு விட்டது. அதிலிருந்த ஃபோர்ட்ரான் மொழிமாற்றிக்கு, தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறித்துவைப்பதற்காக, ஒரு பாதுகாக்கப்பட்ட அடைவில் எழுதும் சலுகை தரப்பட்டிருந்தது. அதே அடைவில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்கும் இருந்தது. பிழைத்திருத்தக் குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுதட்டும் என்று மொழிமாற்றி பயனரைக் கேட்கும். ஒருவர் கட்டணக் கோப்பின் பெயரைச் சொன்னார். மொழிமாற்றி எழுதியது, கணக்குகள் போயின. பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை, மொழிமாற்றிக்கு உண்டு. யாருடைய அனுமதியைக் கொண்டு யாருடைய வேலையைச் செய்கிறோம் என்பதை அந்த நிரல் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்னவென்று நாம் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வருகிறோம். இங்கே அவ்வாதம் ஓர் இயந்திரத்துக்குள் நடக்கிறது, தோற்பவருக்கு உண்மையான நஷ்டம் இருக்கிறது. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பொருளையே வைத்திருப்பதாக அதிகாரம் எண்ணுகிறது என்பதே இத்தவறின் வேர் என்று நாங்கள் கருதுகிறோம்.

சிற்பத்துக்கு வருவோம். தலையங்கம் போன மறுநாள் நண்பர் நிரலைத் திருத்தினார். எழுதுவதற்குமுன், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் நின்றுவிடும். இனிக் கவலையில்லை என்றார். அடுத்த இரவே தலையங்கம் மறுபடி பட்டியலாயிற்று. திருத்திய நிரல் முதலில் பெயரைச் சோதித்தது. பிறகு பென்டிரைவை இணைத்தது. அதற்கு நாலைந்து நொடிகள் ஆயின. அதன்பிறகே பட்டியலை எழுதியது. அந்த நொடிகளுக்குள் மாணவர் வைத்திருந்த சிறு நிரல் கைகாட்டியை நட்டுவிட்டது. சோதித்தபோது அங்கே ஒன்றுமில்லை, எழுதியபோது தலையங்கம் இருந்தது. பெயர் ஒன்றுதான். அவர் எங்களைச் சிற்பத்தின்முன் நிறுத்தியது இதற்காகத்தான். முதலில் காளையா என்று பார்த்துவிட்டு, பிறகு வந்து தலையைப் பிடிக்கிறீர்கள். நடுவில் யாரோ கையை மாற்றி வைத்துவிட்டார். இப்போது யானையின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இடைவெளி நாலைந்து நொடியாக இருக்க வேண்டியதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கானாலும் போதும். தாக்குகிறவர் ஆயிரம் முறை தோற்கலாம், ஒருமுறை வென்றால் போதும். 1993 நவம்பரில், யுனிக்ஸ் திரைகளில் பரவலாகப் பயன்பட்ட எக்ஸ்டெர்ம் நிரலைப் பற்றி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. பல இடங்களில் உயர் அனுமதியுடன் நிறுவப்பட்டிருந்த அந்நிரலின் பதிவேடு எழுதும் வசதியைக் கொண்டு சாதாரணப் பயனர் பிறருடைய கோப்புகளை உண்டாக்கவும் மாற்றவும் முடிந்தது. 1996இல் மாட் பிஷப்பும் மைக்கேல் டில்ஜரும் 'சோதிக்கும் கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும்' இடையிலான இந்தப் பந்தயத்தை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு போஸ் என்னும் லினக்ஸை வெளியிட்டது. இந்திய மொழிகளில் இயங்கும், கட்டணமற்ற ஓர் இயங்குதளம். நாங்கள் அதை இன்றும் மதிக்கிறோம். தமிழ் அரசு அலுவலகத்தில் தமிழ் முகப்புடன் ஒரு கணிப்பொறி என்பது அன்று சிறிய கனவு அன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் போஸும் மாணவர்களின் மடியில் வந்து அமர்ந்தது. ஆனால் இயங்குதளத்தை இன்னொன்றிலிருந்து பெறுகிறவர் அதன் நோய்களையும் சேர்த்தே பெறுகிறார். 2008 ஆகஸ்டில் டெபியன் உருவாக்குநர் ஒருவர் பொதிகளிலிருந்த நிரல்களை வரிசையாகச் சோதித்து, டெம்பில் ஊகிக்கக்கூடிய பெயர்களில் கோப்பு எழுதுபவற்றின் நீண்ட பட்டியலைப் பொதுவில் வைத்தார். எக்ஸ்டெர்ம் எச்சரிக்கைக்குப் பதினைந்து ஆண்டு கழித்து! எங்கள் நண்பரின் இருபது வரி நிரலில் இருந்த அதே தவறு, உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தப்பட்ட பொதிகளில் இருந்தது. (நண்பருக்கு இச்செய்தி சற்று ஆறுதலளித்தது என்பதையும் பதிவுசெய்கிறோம்.)

இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு மறுப்புகளைக் கேட்டிருக்கிறோம். ஒன்று, இது உள்ளே கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே செய்யக்கூடியது. ஒருவருக்கு ஒரு கணிப்பொறி என்றான காலத்தில் யாருக்கு யார் எதிரி? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உள்ளே இருப்பவர்' மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஓர் இணையதளத்தை நடத்தும் வழங்கி நிரல் தனக்கென்று ஒரு சிறு கணக்கில், மிகக் குறைந்த அனுமதியுடன் ஓடும். தளத்தில் ஓர் ஓட்டை கிடைத்தால் வெளியிலிருந்து வருகிறவர் அந்தச் சிறு கணக்குக்குள் வந்து நிற்பார். அங்கே அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த படி ஏற அவருக்கு ஒரு குழம்பிய பிரதிநிதி வேண்டும். ரூட்டாக ஓடி டெம்பில் தெரிந்த பெயரில் எழுதும் ஒரு காப்பு நிரல் கிடைத்தால் போதும், திண்ணையிலிருந்து கருவறைவரை ஒரே நடை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.6 கெர்னலில் இதற்கென்றே ஒரு காப்பு சேர்க்கப்பட்டது. ஸ்டிக்கி பிட் உள்ள பொது அடைவில் ஒருவர் வைத்த சிம்லிங்கை இன்னொருவரின் நிரல் பின்பற்றாது. அடைவின் உரிமையாளரே வைத்ததானால் விதிவிலக்கு. இன்றைய லினக்ஸ் வெளியீடுகளில் பெரும்பாலும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாணவர் இன்று அதே வித்தையைச் செய்தால் பலிக்காது. 2018இல் 4.19ஆம் கெர்னல் சாதாரணக் கோப்புகளுக்கும் இதைப் போன்ற காவலைத் தந்தது. ஆகவே பழைய கதை முடிந்தது என்கிறார்கள்.

நாங்கள் ஒப்பவில்லை. காவல் நிற்பது ஸ்டிக்கி பிட் உள்ள பொதுவெளியில் மட்டும். உயர் அனுமதி நிரல் அதே அசிரத்தையுடன் வேறோர் அடைவில், இன்னொரு பயனரின் வீட்டுக்குள் புகுந்து எழுதினால் அந்தக் காவல் அங்கே இல்லை. 2022 நவம்பரில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் உபுண்டுவின் ஸ்னாப்-கன்ஃபைன் என்ற, ரூட் அனுமதியுடன் ஓடும் நிரலில் ஒரு பந்தயத் தவறைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், செயலிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்துக் காப்பதே அந்நிரலின் வேலை. ஒவ்வொரு செயலிக்கும் டெம்புக்குள் தனி அறை அமைத்துக் கொடுக்கும் இடத்தில்தான் அது இடறியது. விண்டோஸும் விலக்கன்று. 2021இல் மைக்ரோசாஃப்டின் நிறுவல் சேவை, வேறு வகைக் கைகாட்டியைப் பின்பற்றிப்போய், இதே இனத்துத் தவறைச் செய்தது; திருத்தம் வந்த சில நாள்களில் அதே ஆய்வாளர் திருத்தத்தையும் தாண்டிக் காட்டினார். முப்பது ஆண்டாக ஒரு தவறு உடை மாற்றிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது என்றால், காவலரை அதிகமாக்குவது மட்டும் போதாது என்றே பொருள். அதிகாரம் உடைய நிரல் பொதுத் திண்ணையில் வந்து உட்காரும் வழக்கத்தையே கைவிட வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமானதும் அன்று. 'அந்தப் பெயரில் ஒன்றுமில்லை என்றால் மட்டும் புதிதாக உண்டாக்கு, ஏதாவது இருந்தால் தோல்வியடை' என்று சோதனையையும் உண்டாக்கலையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கேட்க இயங்குதளத்தில் வழி உண்டு. எம்கேஎஸ்டெம்ப் என்ற செயற்கூறு அதையே செய்கிறது: ஊகிக்க முடியாத ஒரு பெயரைத் தேர்ந்து, கோப்பை அக்கணமே திறந்து, பிடியைக் கையில் தந்துவிடும். அதன்பிறகு பெயரை யார் எங்கே மாற்றினாலும் பிடி கோப்பிடமே இருக்கும். அதன் மூத்த உறவினரான எம்கேடெம்ப் செயற்கூறு பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளும். 2008ஆம் ஆண்டுப் போசிக்ஸ் தரம் அதை விலக்கியது. (குழப்பத்துக்கென்றே பிறந்த பெயர்கள். ஷெல்லில் எழுதுகிறவர்களுக்கு எம்கேடெம்ப் என்ற அதே பெயரில் இருக்கும் கட்டளை கோப்பையும் பத்திரமாக உண்டாக்கித் தருகிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.) இன்னும் மேலான வழி, ரூட் தன் வேலைக் கோப்பைத் தனக்கு மட்டுமே உரிய அடைவில் வைத்துக்கொள்வது. அதைவிட மேலானது, ரூட் தேவையில்லாத வேலையை ரூட்டாகச் செய்யாமலிருப்பது. எங்கள் நிரலில் பென்டிரைவை இணைக்கும் ஒரு வரிக்குத்தான் அந்த அனுமதி வேண்டியிருந்தது. மற்றப் பத்தொன்பது வரிகளும் சோம்பலால் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தன.

ஆக, தமிழில் எழுதுகிறவர்களிடம் எங்களுக்கு ஒரு குறை உண்டு. லினக்ஸ் பற்றித் தமிழில் வந்திருக்கும் பாடங்களை ஆர்வத்துடன் படிக்கிறோம். பலவற்றில் எடுத்துக்காட்டு நிரல்கள் டெம்பில் ஒரு நிலையான பெயரைக் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. ஆங்கிலப் பாடங்களிலும் இதே கதைதான் என்பது சமாதானம் ஆகாது. எடுத்துக்காட்டு என்பது கற்கிறவர் கையில் முதலில் ஒட்டிக்கொள்வது. பத்தாம் பக்கத்தில் எழுதிய மூன்று வரியை மாணவர் பத்து ஆண்டு கழித்து ஏதோ ஓர் அலுவலக வழங்கியில் ரூட்டாக ஓடவிடுவார். எங்கள் நண்பர் எங்கிருந்து அந்த வழக்கத்தைப் பெற்றார் என்று கேட்டபோது அவர் காட்டியது ஒரு பாடப்புத்தகத்தை. யாப்புப் பிழையுள்ள வெண்பாவை இலக்கண நூலில் எடுத்துக்காட்டாக அச்சிட நாம் சம்மதிப்போமா?

அரசுக்கும் ஒன்று. லட்சக்கணக்கானவர்களுக்கு மென்பொருளை வாங்கிக் கொடுக்கிறவர், ஒப்பந்தத்தில் திரையின் அளவையும் மின்கலத்தின் ஆயுளையும் எழுதுவதுபோல, உயர் அனுமதியில் ஓடும் பகுதிகள் எவை, அவை எங்கே எழுதுகின்றன என்றும் கேட்டு எழுத வேண்டும். திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்றும் கேட்க வேண்டும். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளிடம் வந்த மடிக்கணினிகளில், பெற்ற நாளுக்குப் பிறகு ஒருமுறையேனும் திருத்தம் பெற்ற போஸை நாங்கள் பார்க்கவில்லை. கெர்னலில் 2012இல் வந்த காவல் 2011இல் கொடுக்கப்பட்ட இயந்திரத்துக்குத் தானாக நடந்து வந்துவிடாது.

எங்கள் இதழ் பின்னர் நின்றுபோனது. அதற்குக் கணிப்பொறி காரணமன்று, சந்தாதான் காரணம். நிரலை மாணவரே திருத்தி எழுதினார். பதினான்கு வரியாகச் சுருங்கியது. தலையங்கத்தின் நகல் அவரிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. புதிதாக ஒன்று எழுதினோம், முந்தியதைவிடச் சிறியதாக.